மெழுகும் மெருகும்

ஒரு பொருளைத் தூய்மை செய்தலைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்கள் பல. கழுவுதல், அலசுதல், துடைத்தல், ஒற்றுதல், தேய்த்தல், துலக்குதல், மினுக்குதல் என அவை விரியும். மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை ஒரே பொருளன போலத் தோன்றினும், உண்மையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு தொழிலையே குறிக்கும். குத்துவிளக்கைத் துலக்குகின்றோம், கறிச்சட்டியைத் தேய்க்கின்றோம், குழந்தையின் முகத்தை ஒற்றுகின்றோம். குழந்தையின் முகத்தைத் துலக்குவாரும், குத்துவிளக்கை ஒற்றி அமைவாரும் இலர். எப்பொருட்கு எத்தொழில் தகும் என்னும் இவ்வறிவு நம் வீடுகளில் எழுதாக் கல்வியாய் வழிவழி வந்துள்ளது. ஆயின், புதிய மோட்டார் வண்டி ஒன்று முற்றத்தில் வந்து நின்ற மாத்திரத்தே அவ்வறிவு நம்மைக் கைவிட்டு விடுகின்றது. அன்பு மிகுதியால் அதனைக் குத்துவிளக்கெனக் கருதித் துலக்கத் தொடங்குகின்றோம். ஈராண்டு கழியுமுன் அதன் ஒளி மங்கிவிடுகின்றது. மங்கியமைக்கு வெயிலையும் வாணிபனையும் குறை கூறுகின்றோம். நம் கையை மாத்திரம் நினைப்பதில்லை.

இஃது ஒரு சிறு பொருள் பற்றிய பேச்சன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் மோட்டார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழிந்து, 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. வரியெல்லாம் சேர்ந்த விலையோ வீடு ஒன்றன் விலையோடு போட்டியிடுகின்றது. ஆதலின், இன்று புதுக்கார் வாங்குவார் பலர், தம் வாழ்நாட் சேமிப்பையோ, கடல் கடந்த பிள்ளைகளின் உழைப்பையோ, வங்கிக் கடனையோ அதில் இட்டவராவர். அவ்வளவு பொருளையும் உப்பு, நீர், வெயில் என்னும் மூன்றினின்றும் காத்து நிற்பது மிக மெல்லியதோர் உறை. அவ்வுறையின் இயல்பை அறியாது அதனைப் பேணுதல் இயலாது.

மேனியின் அமைப்பு

மோட்டார் வண்டியின் தீந்தை ஒரே பூச்சன்று. தகட்டின்மேல் முதற்கண் பொஸ்பேற்றுக் கரைசலாற் பக்குவஞ் செய்கின்றனர். பின்னர் உடலம் முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி, மின்னோட்டத்தின் வாயிலாகக் கறள் தடுக்கும் அடிப்பூச்சைப் படிவிக்கின்றனர். அதன்மேல் மேடுபள்ளம் நிரவும் இடைப்பூச்சும், அதன்மேல் நிறப்பூச்சும் அமையும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறமற்றுக் கண்ணாடி போன்று தெளிந்த மேற்பூச்சு அமையும். நாம் கண்டு மகிழும் பளபளப்பு நிறத்தினுடையதன்று, இத்தெளிந்த மேற்பூச்சினுடையதே. ஞாயிற்றின் புறவூதாக் கதிரை வாங்கி, நிறம் வெளிறாமற் காப்பதும் அதுவே.

இத்தனை அடுக்கும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று வினவின், பெரும்பாலும் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, சிறிது கூடலாம். இப்பத்திரிகைத் தாள் இரண்டினை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உண்டாகும் கனம் ஏறத்தாழ அதுவாகும். அதனுள்ளும் தெளிந்த மேற்பூச்சு, மில்லிமீற்றரின் ஆயிரத்தில் முப்பத்தைந்து முதல் ஐம்பது பங்கு வரையே; ஒற்றைத் தாளினும் மெல்லியது. பல இலட்சம் ரூபாவின் பொலிவு ஒரு தாளின் கனத்துக்குள் அடங்கியிருக்கின்றது என்பதை உணர்ந்தவன் கை, துணியை எடுக்குமுன் சற்றே தயங்கும்.

முற்காலத்தில் இந்நிலை இல்லை. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய்த் தீந்தையையும் வார்னிசையுமே அதற்கும் பூசினர். அவை பலமுறை பூசிக் காய்ந்து முடியக் கிழமைகள் பல சென்றன. ஃபோர்ட் நிறுவனத்தின் பெயர்பெற்ற 'ரி' மாதிரி வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறமொன்றிலேயே விற்கப்பட்டது. 1923 ஆம் ஆண்டில் டியூப்பொன்ற் நிறுவனத்தார் 'டியூக்கோ' என்னும் விரைந்துலரும் அரக்குத் தீந்தையை மோட்டார்த் தொழிலுக்குக் கொணர்ந்தனர். ஜெனரல் மோட்டார்சின் ஓக்லண்ட் வண்டிகள் அதனை முதலிற் பூண்டன. அதன் பின்னரே பல நிற வண்டிகள் விரைவாகவும் மலிவாகவும் வீதிக்கு வந்தன. நிறப்பூச்சு வேறு, தெளிபூச்சு வேறு என்னும் இன்றைய முறை 1980 ஆம் ஆண்டுகளிற் பரவலாயிற்று.

பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகளை மெருகிடுங்கால் துணியில் நிறம் ஒட்டும். தேய்ந்த மேற்பரப்பின் கீழ் அதே நிறம் மீண்டும் தோன்றும். அக்காலத்துச் சாரதிமார் தேய்த்துத் தேய்த்தே வண்டியை ஒளிரச் செய்தனர் என்பது மெய்யே. அப்பழக்கம் இன்றும் எஞ்சியுளது. ஆனால் வண்டியின் மேனி மாறிவிட்டது. பித்தளை உள்ளும் புறமும் ஒரே பொருளாதலின் துலக்கத் துலக்க ஒளிரும். இக்காலத் தீந்தையோ துலக்கத் துலக்கக் குறையும் முதல். முதலை உண்டு மகிழ்பவன் வட்டிக்கு எங்கே போவான்?

கழுவும் முறை

கருநிற வண்டி ஒன்றை மாலை வெயிலிலோ தெருவிளக்கின் கீழோ நோக்குமின். விளக்கின் ஒளியைச் சுற்றிச் சிலந்திவலை போன்று நுண்கோடுகள் வட்டமிட்டு நிற்பதைக் காணலாம். அவை வட்டமாகக் கீறப்பட்டவை என்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. அவற்றுள் ஒளியைச் சுற்றிக் குறுக்காக அமைந்தவை மாத்திரமே நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்பி விடுகின்றன. எனவே, காணப்படுவது சிலவே, காணப்படாதன பலவாம்.

இக்கீறல்களை இடுவது யாது? தூசே. தூசில் மணலின் நுண்டுகள் கலந்திருக்கின்றன. மணலாவது பெரும்பாலும் படிகக்கல். தெளிபூச்சினும் மிக வன்மையுடையது. நாடோறும் வைகறையில், பனி படிந்த வண்டியைப் பழஞ் சாரத்துண்டாற் சுற்றிச் சுற்றித் துடைக்கும் வழக்கம் நம்மூரிற் பெரிதும் உண்டு. துடைப்பவன் தூய்மை செய்வதாகவே கருதுகின்றான். உண்மையில், அவன் கையிலிருப்பது துணியன்று, மென்மையான அரத்தாள். எறும்பு ஊரக் கல்லுந் தேயும் என்பர்; ஒரு தாளின் கனமுள்ள பூச்சு எத்துணை நாள் தாங்கும்?

ஆதலின் முதல் விதி இது: உலர்ந்த தூசு படிந்த மேனியைத் துணியால் தொடற்க. தூசு படிந்திருப்பதால் வண்டிக்குக் கேடில்லை. அதனை இழுத்துத் தேய்ப்பதாலேயே கேடு விளைகின்றது. கழுவும் நாளில், வெயில் தாழ்ந்த பின்னரோ நிழலிலோ, தகடு குளிர்ந்திருக்கும்போது தொடங்குக. குழாய் நீரைத் தாராளமாகப் பாய்ச்சித் தானே நீங்கவல்ல தூசெல்லாம் நீங்கவிடுக. பின்னர் இரண்டு வாளிகளை வைத்துக் கொள்க. ஒன்றில், மோட்டார் வண்டிக்கென விற்கப்படும் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறுநீர். மென்மையான நுண்ணிழைத் துணியையோ கழுவுறையையோ ஷாம்பு நீரில் தோய்த்து, அழுத்தாது, கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுக. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறுநீரில் அலசிய பின்னரே மீண்டும் ஷாம்பு நீரில் இடுக. அலசிய வாளியின் அடியில் படிந்திருக்கும் மண்ணை ஈற்றில் நோக்கினால் இரண்டாவது வாளியின் பயன் தானே விளங்கும். அம்மண் முழுவதும் வண்டியின் மேனியிற் கோலமிட்டிருக்கும்!

சில்லுகளுக்கும் அடிப்புறத்துக்கும் வேறு துணி, வேறு வாளி. அவற்றின் அழுக்கில் தடுப்புக் கட்டைகளினின்று உதிரும் இரும்புத் துகளும் கலந்திருக்கும். நிலத்தில் விழுந்த துணியை அன்று மீண்டும் பயன்படுத்தல் ஆகாது. துணி தோய்க்கும் சவர்க்காரமும், கோப்பை கழுவும் திரவமும் நாள்முறைக் கழுவலுக்கு ஏற்றனவல்ல. அவை அழுக்கோடு காப்பு மெழுகையும் கொண்டு செல்வன. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஒரு வழி வழிப்பாரும் உளர். அம்மினுக்கம் எண்ணெய்ப் பிசுக்கின் மினுக்கமே. மறுநாளே தூசையெல்லாம் ஈர்த்துக் கொள்ளும்.

உலர்த்துதலிலேதான் 'ஒற்றுதல்' என்னும் சொல் தன் பெருமையை நாட்டுகின்றது. தடித்த நுண்ணிழைத் துவாயை ஈரத்தின்மேல் விரித்து ஒற்றி எடுக்க. குழந்தையைக் குளிப்பாட்டிய தாய் அதன் மேனியில் ஈரம் வாங்குவது எங்ஙனமோ, அங்ஙனமே.

நம்மூர்ப் பகைகள்

பிற நாட்டு நூல்கள் பனியையும், வீதியிற் பனி உருகத் தூவும் உப்பையும் பற்றி விரித்துரைக்கும். நமக்கு வாய்த்த பகைகள் வேறு.

முதலாவது கிணற்று நீர். வற்றாத ஆறொன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. அக்கல்லில் ஊறிய நிலத்தடி நீரே நம் உயிர்நீர். அதனால் நம் நீர் வன்னீராயிற்று. தேநீருக்கு நீர் கொதிக்கும் கேத்திலின் உட்புறத்தில் வெண்மையாகப் படிவது யாதோ, அதுவே வெயிலில் உலர்ந்த வண்டியின் மேல் வெள்ளை வளையங்களாகப் படிகின்றது. நாட்பட்டால் அது தெளிபூச்சைப் பற்றிக்கொண்டு எளிதில் விடாது. ஆதலின் கிணற்று நீராற் கழுவிய வண்டியை ஒருபோதும் தானே உலரவிடல் ஆகாது. வீட்டில் மழைநீர்த் தொட்டி இருப்பின், ஈற்றில் அலசுவதற்கு ஓரிரு வாளி மழைநீரை ஒதுக்குக. மழைநீரிற் சுண்ணம் இல்லை. புதிதாகப் படிந்த வளையத்தை, நீர் கலந்த வினாகிரியால் மெல்ல ஒற்றி, உடனே நன்னீராற் கழுவி நீக்கலாம்.

இரண்டாவது உப்புக்காற்று. பண்ணைப் பாலத்தினூடாகத் தீவகம் சென்று மீள்வோரும், சங்குப்பிட்டிப் பாலத்தாற் பூநகரி செல்வோரும், காங்கேசன்துறை முதல் பருத்தித்துறை வரையுள்ள கரையோரத்து வாழ்வோரும் வண்டியின் மேல் கைவைத்துப் பார்த்தாற் பிசுபிசுப்பை உணர்வர். உப்பு தெளிபூச்சை உடனே அரிப்பதன்று. ஆனால் கல்தெறித்த சிறு பொத்தல் ஒன்று அகப்படின் அவ்வழியே தகட்டை எட்டிக் கறளை வளர்க்கும். கறள் தீந்தையின் கீழே பரவும் இயல்பினது. மேலே கடுகளவு தோன்றுங்கால் கீழே காசளவு பரந்திருக்கும். அதனால் தெறித்த இடத்தைக் கண்டவுடன், அந்நிறத்துக்குரிய தொடுதீந்தையால் அடைத்துவிடல் வேண்டும். கடலோரம் சென்று வந்த நாளில் அடிப்புறத்துக்கு நன்னீர் பாய்ச்சுதலும் நன்று.

மூன்றாவது மரநிழல். வெயிலுக்கு அஞ்சி மாமரத்தின் கீழ் நிறுத்துகின்றோம். பூக்காலத்தில் தத்துப்பூச்சிகள் உமிழும் இனிப்பு நீர் வண்டியின் மேல் துளித்து, அதன்மேற் கரும்பூஞ்சணமும் படர்கின்றது. காகத்தின் எச்சமோ இன்னும் கொடியது. வெயிலிற் சூடேறி நெகிழ்ந்த தெளிபூச்சு, மாலையிற் குளிர்ந்து இறுகும்போது, காய்ந்த எச்சத்தின் வடிவைத் தன்மேற் பதித்துக் கொள்கின்றது. எச்சத்தின் புளிப்புத் தன்மையும் அதற்குத் துணை நிற்கும். எச்சத்தைக் கண்டால் நாளை என்று தள்ளற்க, சுரண்டவும் செய்யற்க. ஈரத்துணியை அதன்மேற் சில நிமிடம் போர்த்து, ஊறிய பின் மெல்ல எடுத்து, நீர் விட்டுக் கழுவுக. பனையின் கீழும் தென்னையின் கீழும் நிறுத்தலாகாமைக்குக் காரணம் கூறவேண்டுவதில்லை!

நான்காவதாகக் கூறப்போவது பகையன்று. நம் பத்தியே ஆகும். புதுவண்டி வாங்கினோர் நல்லூருக்கோ சந்நிதிக்கோ கொண்டு செல்வர். முறிகண்டியிலே தேங்காய் உடைப்பர். இது நம் மரபு, காக்கத்தக்கதே. ஆயினும் பொனற்றின் மேல் மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் குழைத்து அப்பி, வெயிலில் நாட்கணக்காக விட்டால் அக்கறை பூச்சினுட் செல்லும். கம்பி வைத்துக் கட்டிய மாலை காற்றில் அசையுந்தோறும் கீறும். கற்பூரத்தைத் தகட்டின் மேலே வைத்துக் கொளுத்துதல் பூச்சையே சுடும். தேசிக்காயின் சாறு தெறித்தால் உடனே கழுவல் வேண்டும். பொட்டினை முன்கண்ணாடியின் மூலையிலோ இலக்கத்தகட்டிலோ இடலாம். மாலையை நாராற் கட்டலாம். கற்பூரத்தைத் தட்டில் ஏந்திக் காட்டலாம். இறைவன் திருமுன் எதுவும் குறைந்துவிடாது. நம் கோயில்களிலும் மூலமூர்த்திக்குச் செய்யும் உபசாரம் வேறு, சித்திரத்துக்குச் செய்யும் உபசாரம் வேறு. கல்லாலான திருமேனிக்கு எண்ணெய்க்காப்பு உண்டு; எழுதிய படத்துக்கு எண்ணெய் வார்ப்பார் இலர்.

காப்பு வகைகள்

இனித் தலைப்பிற் கூறிய இரு சொற்களுக்கு வருவாம். மெழுகு, மெருகு என்னும் இவற்றிடையே வேறுபாடு நடுவெழுத்து ஒன்றே. தொழிலிலோ அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. மெழுகுதல் என்பது ஒன்றனைச் சேர்த்தல். சாணகத்தால் நிலத்தை மெழுகுகின்றோம். நிலத்தின்மேல் ஒரு படை கூடுகின்றது. மெருகிடுதல் என்பது ஒன்றனைக் கழித்தல். நுண்பொடி கொண்டு மேற்பரப்பைத் தேய்த்து மேடுகளை நீக்கும்போது பொருளில் ஒரு சிறிது குறைகின்றது; குறைவதாலேயே ஒளிர்கின்றது. இவ்விரண்டனையும் 'பொலிஷ்' என்னும் ஒரே சொல்லால் வழங்குவதால் நேர்ந்த கேடு பெரிது. மாதந்தோறும் பொலிஷ் போடுமாறு ஒருவர் கூற, மெழுகை நினைத்து அவர் கூறியதை மெருகாகக் கொண்டு, புதுவண்டியின் தெளிபூச்சை மாதந்தோறும் சுரண்டி எடுப்பாரும் உளர். பூச்சு மெலிந்து புறவூதாக் கதிரைத் தாங்கும் ஆற்றல் குன்றியபின், கூரையும் பொனற்றும் பால்நிறமாகத் திட்டுத்திட்டாய் உரிகின்றன. உரிந்த பின் பரிகாரம் ஒன்றே: புதிதாகத் தீந்தை பூசுதல்.

எனவே மெருகு என்பது மருந்து. மெழுகு என்பது உணவு. மருந்தை நோய் கண்டபோது மாத்திரம், கைதேர்ந்தவனிடம், மிகக் குறைந்த அளவிற் கொள்ளுக.

மெழுகுகளுட் சிறந்ததெனப் பாராட்டப்படுவது கார்னோபா மெழுகாகும். அதன் வரலாறு பனைநாட்டார்க்கு உவகை தரத்தக்கது. பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்குப் பகுதியிலே, நம் பனைபோல விசிறியோலை விரித்து நிற்கும் ஒருவகைப் பனை உண்டு. வறட்சியில் நீர் ஆவியாகி நீங்காதபடி அது தன் ஓலைமேல் மெழுகைச் சுரந்து பூசிக் கொள்கின்றது. ஓலைகளை வெட்டி உலர்த்தித் தட்டி அம்மெழுகுப் பொடியை எடுக்கின்றனர். நாம் பனையைக் கற்பகதரு என்பது போல, அந்நாட்டார் அதனை 'வாழ்வின் மரம்' என்பர். அம்மெழுகு செல்சியஸ் 80 பாகைக்கு மேலேயே உருகும். ஆதலின் நம் வெயிலையும் தாங்கும். வெயிலைத் தாங்க ஒரு பனை தனக்கென்று செய்துகொண்ட கவசம், மனிதன் செய்த வண்டிக்கும் கவசமாயிற்று. கழுவி உலர்ந்த வண்டியில், நிழலில், மிக மெல்லிதாகப் பூசித் துடைத்துவிடின் சில கிழமைகள் நிற்கும். நீர் மேனியில் ஒட்டாது முத்தாய் உருண்டோடுதல் மெழுகு உண்டென்பதற்கு அடையாளம். நீர் பரந்து படிந்தால் மீண்டும் பூசுக.

செயற்கைப் பல்பகுதிய மெழுகுகள் சில மாதங்கள் நிற்கும். சிலிக்காச் சேர்வையால் ஆகிய செரமிக் பூச்சு, முறைப்படி இடப்பட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆயினும் அதனை இட்டால் கீறல் விழாது, கழுவவும் வேண்டாம் என்று விற்பனையாளர் கூறுவதை நம்பற்க. அழுக்கு எளிதில் நீங்கும் என்பது உண்மை. கல் தெறித்தால் காக்கும் என்பது உண்மையன்று. கல்லுக்கு எதிரே நிற்கவல்லது, தகட்டின்மேல் ஒட்டும் பொலியூரித்தேன் படலமே. அது தீந்தை அடுக்கு முழுவதினும் கனமுடையது. வியட்நாம் போர்க்காலத்தில் உலங்கு வானூர்திகளின் சுழலும் அலகுகளை மணலினின்று காக்க எழுந்த முயற்சியில் அது தோன்றியது. விலை மிகுதியாதலின் வண்டி முழுவதும் ஒட்டுதல் எல்லார்க்கும் இயலாது. ஏ-9 வீதியில் நாடோறும் ஓடுவோர் முன்புறத்துக்கு மாத்திரம் இட்டாலும் பயனுண்டு.

புதுவண்டி பெறுவோர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. தொழிற்சாலைத் தீந்தை உயர்ந்த வெப்பத்தில் அடுப்பிற் சுடப்பட்டு வருவது. ஆதலின், புதிது என்பதற்காக மெழுகிடுதலை மாதக்கணக்கிற் பின்போட வேண்டுவதில்லை. அவ்விலக்கு, மோதுண்டு கராஜிலே மீளப் பூசப்பட்ட பகுதிக்கே உரியது. அடுத்து, வண்டியை ஒப்படைக்குமுன் விற்பனை நிலையத்தார் அவசரமாகக் கழுவித் துடைக்கும் மரியாதையை வேண்டாவெனப் பணிவோடு மறுத்தலும் தகும். முதற் கீறல் பெரும்பாலும் அங்கேதான் விழுகின்றது.

இவ்வளவும் பகட்டின் பொருட்டோ என்று சிலர் வினவக்கூடும். பகட்டை விரும்புவோன் பிறர் காணும் நாளில் மாத்திரம் துலக்குவான். பேணுவோனோ, பிறர் காணாத நாளில் கைவையாது காப்பான். ஒரு பொருளை நெடுங்காலம் பொலிவோடு வைத்திருத்தல், அதனை ஈட்டிய உழைப்புக்குச் செய்யும் மரியாதையாகும். எப்போது கழுவுவது, எப்போது ஒற்றுவது, எப்போது மெழுகுவது, எப்போது வாளாவிருப்பது என்று அறிந்து செய்வதே பேணுதலாம்.